பூசைக்கு வராத மூன்று ஞாயிறு

செத்த வீடுகளில் முழந்தாளிட்டு முழந்தாளிட்டே என் கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. புலம்பலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பள்ளிமுனையில் எங்கள் வட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும் முதலில் கோயிலுக்கு மணி அடிக்கச் சொல்ல ஒரு ஆள் போகும், அடுத்ததாக என் வீட்டுப் படலைக்கு ஒரு ஆள் வரும். "ரீச்சர், செபத்துக்கு வரவேணும்." நான் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படிப்பித்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து எட்டாம் நாள் சாப்பாடான எட்டுச் செலவு வரை, பின்னேரம் ஐந்தரைக்கு அந்த வீட்டில் செபமாலை நடக்கும். நான் முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்வார்கள். பதினெட்டு வருடமாக இதுதான் நடக்கிறது.

ஆறுதல் வார்த்தைகளும் என்னிடம் ஒரு கட்டு இருந்தன. வயது போனவர்களுக்கு ஒன்று, நாள்பட்ட வருத்தத்தில் கிடந்தவர்களுக்கு ஒன்று, கடலில் போனவர்களுக்கு ஒன்று. இளம் பிள்ளைகள் செத்தால், ஆண்டவர் தமக்குப் பிடித்த பூவை முதலில் பறித்துக்கொண்டார் என்பேன். சொல்லும்போது தாயின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டு சொன்னால் அழுவார்கள், அழுதால் கொஞ்சம் இளகுவார்கள், பிறகு யாராவது தேத்தண்ணி கொண்டுவருவார்கள். நான் பொய்யாகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். நம்பித்தான் சொன்னேன். ஆனால் அலுத்துப்போய்ச் சொன்னேன்.

இப்போது சொல்லப்போகிற வீட்டுக்கு நான் ஆறுதல்காரியாகப் போகவில்லை. போன பங்குனிக்கு முதல் பங்குனி அது. செத்தது பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, மறுமொழி வரும்வரை ரவுணில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் சாவில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கை நான் சொல்வதா, விழுங்குவதா என்பதுதான் ஆறு நாளாக என்னைத் தின்றது.

நடந்தது இதுதான். எங்கள் வட்டாரத்தில் எந்தெந்தப் பிள்ளை ஞாயிறு பூசைக்கு வருகிறது, எது வரவில்லை என்று பங்குக் கூட்டத்தில் பாதர் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். எங்கள் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருந்த பெயர் 'இடாப்பு', பள்ளிக்கூடத்தில் வரவு குறிக்கிற புத்தகம். பூசை முடிந்து நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், இன்றைக்கு யார் யார் ஆப்சென்ட் என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்வேன். அதுதான் என் குணம்.

அந்தப் பிள்ளை மூன்று ஞாயிறு வரவில்லை. நாலாவது கிழமை, புதன்கிழமை காலை, சந்திக் கடையில் அவளுடைய தாயைக் கண்டேன். தாய்க்கும் மகளுக்கும், முதன்முதலாய் நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்குப் படிப்பித்தவள் நான். அந்த உரிமை எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். கடையில் இன்னும் நாலு பெண்கள் நின்றார்கள். வெயிலில் நடந்துவந்த எரிச்சல் வேறு.

"உன்ர மகளை மூண்டு ஞாயிறாக் கோயில் பக்கம் காணேல்ல. விடிய விடிய ரெலிபோனை நோண்டினா காலமை எழும்பேலுமோ? நீ தாயெண்டு வீட்டில இருக்கிறாய்தானே?" என்றேன்.

ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல் நின்றார்கள். தாயின் முகம் சிவந்துபோய்விட்டது. இந்த ஞாயிறு கட்டாயம் வருவாள் ரீச்சர் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததைக்கூட வாங்காமல் போய்விட்டாள். நான் ஒரு கடமையை முடித்த திருப்தியோடு வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு பிள்ளை வந்தாள். எனக்கு மூன்று வரிசை முன்னால், தூண் ஓரமாக இருந்தாள். பிரசங்க நேரம் முழுவதும் நெற்றியைத் தூணில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நித்திரை தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கினாலும் பரவாயில்லை, வரவழைத்துவிட்டேனே என்றும் நினைத்தேன். பூசை முடிந்து வாசலில் அவளைப் பிடித்து, வந்ததால் இப்போது என்ன குறைந்துபோயிற்று என்று கேட்டேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். வெயில் கூசுகிறது என்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது இருக்கும்.

பத்து மணிக்கு அவள் செத்துப்போனாள். வீட்டுக்கு வந்து பாயில் படுத்தவள் எழும்பவில்லை. முச்சில்லு ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள். பன்னிரண்டு மணிக்குத் துக்கமணி அடித்தது. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். படலைக்கு வந்த ஆள் யார் வீடு என்று சொன்னதும், கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தியிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவருக்குக் கடைக் கதை தெரியும். அன்றைக்கு அவர் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை.

திங்கள் பின்னேரம் அடக்கம். தகரப் பந்தலுக்குள் நெருப்பு வெக்கை. கட்டாரில் வேலைசெய்யும் தமையனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் பார்ப்பதற்காக ஒரு பொடியன் ரெலிபோனைப் பெட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அவன் தலையில் அடித்து அழுவது எல்லாருக்கும் கேட்டது. வாசலில் கட்டியிருந்த குருத்தோலையை ஒரு கழுதை வந்து கடித்து இழுத்தது. துரத்த யாரும் எழும்பவில்லை. தகப்பன் மட்டும் கதிரையில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் இருபத்தைந்து வருடம் நின்ற மனிதர். மனிசி மயங்கி விழுந்தபோதும் அவரால் எழும்ப முடியவில்லை.

நறுவிலிக்குளத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துவிட்டார் என்றாள். என்னுடைய வார்த்தைதான். எந்தச் செத்த வீட்டில் என்னிடம் கேட்டாளோ தெரியாது. தாய் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அழவில்லை, கோபிக்கவில்லை, விளங்காத பாஷையில் யாரோ கதைப்பது போலப் பார்த்தாள். இந்த வார்த்தையை இனி எந்த வீட்டிலும் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். அது போனால் என் வார்த்தைக் கட்டுக்குள் மிச்சம் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

அன்று பின்னேரமே முதல் செபமாலை. விறாந்தையும் முற்றமும் நிறைய சனம். தாய் சுவரில் சாய்ந்திருந்தாள். நான் செபமாலையை முடித்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் மன்றாட்டு வரிசையைத் தொடங்கினேன். பழைய செபப் புத்தகத்தில் உள்ளது. பதினெட்டு வருடமாகச் சொல்கிறேன், புத்தகம் தேவையில்லை. பஞ்சத்திலிருந்து, படையிலிருந்து, கொள்ளை நோயிலிருந்து என்று ஒவ்வொன்றாக நான் சொல்ல, எங்களை இரட்சித்துக்கொள்ளும் சுவாமி என்று சனம் சொல்லும். என் வாய் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. என் புத்தி சந்திக் கடையில் நின்றது.

"சடுதி மரணத்திலிருந்து" என்று என் வாய் சொன்னது.

சனமும் வழக்கம்போல் இரட்சிக்கச் சொல்லிக் கேட்டது. பாதிப் பேர் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கிச் சத்தம் உடைந்தது. குரலை இழுத்துக்கொண்டுபோன ஒரு கிழவர் மட்டும் கடைசிவரை தனியாகச் சொல்லி முடித்தார். செத்தவள் சடுதியாகச் செத்தவள். அவள் வீட்டில், அவளைப் புதைத்த கையோடு, எங்களுக்கு அப்படி வரக்கூடாது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

தாய் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"நிப்பாட்டுங்கோ ரீச்சர். சடுதியாச் செத்தா எங்க போறது?"

ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்று ஏதோ முணுமுணுத்தேன். அவள் கேட்டது அதை அல்ல என்று எனக்கே தெரியும். அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே கொழுக்கி போடும் சத்தம் கேட்டது. மிச்ச மன்றாட்டை நான் சொல்லவில்லை. சிலுவை அடையாளம் போட்டு முடித்துவிட்டேன். சனம் தேத்தண்ணிக்கும் நிற்காமல் கலைந்துபோயிற்று.

அடுத்த நாள் பாதரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், சின்ன வயது, மூன்று கோயிலுக்கு ஓடுகிறவர். வேண்டுமென்று சொல்லவில்லைத்தானே, அந்த வரியை இனி விட்டுவிடுங்கள் என்றார். கடைக் கதையை அவரிடம் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவருக்கு ரெலிபோன் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், ரெலிபோன் வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒவ்வொரு பின்னேரமும் போனேன். ஒவ்வொரு பின்னேரமும் அந்த அறைக் கதவு பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் அருள் நிறைந்த மரியே சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் களைப்புத் தெரியும். சனமும் நாளுக்கு நாள் குறைந்தது. புதன்கிழமை இருபது பேர், வெள்ளிக்கிழமை ஒன்பது பேர். எண்ணிப் பார்க்கிற புத்தி என்னை விட்டுப் போகவில்லை, பாருங்கள். தகப்பன் மாத்திரம் தவறாமல் வந்து இருந்தார். எட்டு முடியும்வரை அவர் வள்ளம் இறக்கமாட்டார். அவருக்கும் போக வேறு இடம் இல்லை.

அவள் சாப்பிடுவதில்லை என்றார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து வரும் சோறு கதவுக்கு வெளியே காய்ந்துபோனது. முஸ்லிம் குடும்பம் ஒன்று கஞ்சி அனுப்பியது, அதை மட்டும் இரண்டு வாய் குடித்தாள் என்றார்கள். பெண்கள் என் காதுக்குள், ரீச்சர் உள்ளே போய் நாலு புத்தி சொல்லுங்கோ, உங்களுக்குத்தான் அவள் பயம் என்றார்கள். அந்தப் 'பயம்' என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் மேல் இருந்த பயத்தில்தான் அவள் அந்தப் பிள்ளையைப் பூசைக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்காரர், இன்றைக்கும் பின்னேரம் போகத்தானே போகிறாய், இப்போது எங்கே வெளிக்கிடுகிறாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். செபப் புத்தகத்தை எடுக்கவில்லை.

அவள் பின்பக்கக் குசினித் தாழ்வாரத்தில் இருந்தாள். அடுத்த நாள் எட்டுச் செலவு. வருகிற சனத்துக்குச் சமைக்க வேண்டும், அதற்கு வெங்காயம் உரிக்க வேண்டும். யாரும் கேட்காமலே வெளியே வந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தலை சீவவில்லை. ஆறு நாளில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்திருந்தது. என்னைக் கண்டு எழும்பவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் ஒரு பலகைக்கட்டையை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். மற்றக் கத்தியை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் உரித்துக்கொண்டே இருந்தோம். இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்தது, வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டோம்.

பிறகு அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"மூண்டு ஞாயிறும் அவளுக்குத் தலையிடி, ரீச்சர்."

நான் உரிப்பதை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. உரித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு எழும்புவாளாம். இவளும் சரி படு என்று விடுவாளாம். பிள்ளை பனடோல் போட்டு மத்தியானம் எழும்பிவிடுவாளாம். படிப்பு முடிந்த அலுப்பு என்றுதான் நினைத்திருக்கிறாள். கடையில் நான் ஏசின பிறகு வந்து, உன்னால் எனக்கு நாலு பேருக்கு முன்னால் மானம் போயிற்று என்று மகளை ஏசியிருக்கிறாள். ஞாயிறு காலை பிள்ளை மறுபடியும் தலையிடி என்றிருக்கிறாள். கள்ளம் அடிக்காதே, எழும்பு என்று இவள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பியிருக்கிறாள். பூசையால் வந்து பிள்ளை தேத்தண்ணி கேட்டிருக்கிறாள். கோபத்தில், நீயே போட்டுக் குடி என்று சொல்லிவிட்டு இவள் குசினியிலேயே நின்றிருக்கிறாள். அந்தப் பிள்ளை தேத்தண்ணி போடவில்லை. பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

நான் பதினெட்டு வருடப் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். வீட்டில் படுத்திருந்தாலும் அது வெடித்துத்தான் இருக்கும் என்று டொக்டர் சொன்னாராமே, நீ என்ன செய்திருக்க முடியும் என்றேன். ஓம், சொன்னவர்தான் என்றாள். அவள் படுத்திருந்தால் நான் பக்கத்தில் இருந்திருப்பேன், தலையைத் தடவியிருப்பேன், கோபத்தோடு குசினியில் நின்றிருக்க மாட்டேன் என்றாள். அதற்குமேல் டொக்டரின் வார்த்தையை நான் எடுக்கவில்லை.

கத்தியை மடியில் வைத்தாள். அப்போதுதான் ஆறு நாளாகக் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் எதோடு இருந்தாள் என்பது வெளியே வந்தது.

"ஞாயிறு பூசை காணாதது சாவான பாவம் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். எனக்கும் படிப்பிச்சனீங்கள், அவளுக்கும் படிப்பிச்சனீங்கள். மூண்டு பூசை விட்டவள். பாதரிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யேல்ல. சடுதியாப் போயிட்டாள். அப்ப அந்தப் பாவத்தோடதானே ரீச்சர் போயிருக்கிறாள்?"

வெளியூர் ஆட்கள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும். நாங்கள் சிரிக்க மாட்டோம். எங்களுக்கு இது சோறு தண்ணியைவிட மேலான கேள்வி. பிள்ளை செத்தது ஒன்று. அது மோட்சத்துக்குப் போனதா, நரகத்துக்குப் போனதா என்பது இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் அவளைச் சாப்பிடவிடாமல் செய்தது. அந்தப் பயத்தை ஒன்பது வயதில் அவள் தலைக்குள் ஏற்றிவிட்டவளும் நான்தான்.

விடை எனக்குத் தெரியும். முதல்நன்மை வகுப்பில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வருத்தக்காரருக்கு அந்தக் கடன் இல்லை. தலை தூக்க முடியாமல் படுத்திருந்தவள் பூசை காணாமல் விட்டால் அது பாவமே அல்ல. இவ்வளவு சுகமான விடை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஏனென்றால், பிள்ளைக்கு உண்மையாகவே வருத்தம் என்றால், தாய் அவளைக் கையைப் பிடித்து இழுத்தது அநியாயம். நான் கடையில் சொன்னது அதைவிடப் பெரிய அநியாயம். பிள்ளை கள்ளம் அடித்தாள் என்றால், நாங்கள் இரண்டு பேரும் நல்லவர்கள், ஆனால் பிள்ளை பாவத்தோடு போனாள். பிள்ளையை மோட்சத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால், நாங்கள் இரண்டு பேரும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். தாய்க்கும் அது விளங்கித்தான் இருந்தது. அதனால்தான் கேள்வியை என்னிடம் கேட்டாள்.

"அவளுக்குப் பாவமில்லை, பிள்ளை. வருத்தக்காரருக்கு அந்தக் கடன் இல்லை" என்றேன்.

"அப்ப அவள் கள்ளம் அடிக்கேல்ல?"

"இல்லை. அவளுக்கு உண்மையாவே ஏலாமல் இருந்தது."

அவள் முகம் அப்படியே நொறுங்கிப்போயிற்று. ஆறு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. வெங்காயத் தோலுக்குள் முகம் குப்புற விழுந்து குழறினாள். அயலிலிருந்து ஓடிவந்த பெண்களை நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவளைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு தாயின் கையைப் பிடிக்காமல் நான் ஆறுதல் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கொஞ்சம் அடங்கினதும் என்னுடையதைச் சொன்னேன்.

"நீ இழுத்தது நான் ஏசினதால. மூண்டு ஞாயிறு ஒரு பிள்ளையைக் காணேல்ல எண்டா, வீட்டுக்குப் போய் ஏன் பிள்ளை வரேல்ல எண்டு கேட்டிருக்கவேணும். நான் போகேல்ல. கடையில நிண்டு உன்னை நாலு பேருக்கு முன்னால வெட்கப்படுத்தினனான். இதில பாவம் எண்டு ஒண்டு இருந்தா, அது என்ர."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பிடிச் சொல்லாதேங்கோ ரீச்சர், உங்களில ஒரு பிழையும் இல்லை என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மரியாதைக்காவது சொல்வார்கள்.

அவள் சொல்லவில்லை. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆறு நாளா வந்த எல்லாரும் ஆண்டவற்ற சித்தம் எண்டுதான் சொன்னவை. பிழையை அவரில போட்டிட்டுப் போயிட்டினம். நீங்கள் ஒராள்தான் இப்பிடிச் சொல்லியிருக்கிறீங்கள்." மடியில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டாள். "ஆனா எனக்கு உங்களை மன்னிக்கேலாது, ரீச்சர்."

"ஓம், பிள்ளை."

"என்னையும் ஏலாது."

அதற்கு நான் ஓம் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. அவள் கத்தியை எடுத்து அடுத்த வெங்காயத்தை உரித்தாள். நானும் உரித்தேன். சாக்கு முடியும்போது மணி பதினொன்றரை. கஞ்சி இருந்ததைச் சூடாக்கிக் கொடுத்தேன், ஒரு கோப்பை குடித்தாள். நான் குடையை எடுக்கும்போது, பின்னேரம் நேரத்துக்கு வாங்கோ, நான் வெளியில் வந்திருக்கிறன் என்றாள்.

சொன்னபடி வந்தாள். குளித்து, வெள்ளைச் சீலை கட்டி, புருசனுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். தகப்பன் அவள் வருவதைக் கண்டு பாயில் இடம் விட்டு நகர்ந்துகொண்டார். செபமாலையில் அவளுடைய குரலும் கேட்டது. கரகரத்துப்போன குரல், ஆனாலும் தெளிவாகச் சொன்னாள்.

எங்கள் வழக்கத்தில் பரலோக மந்திரத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். முன்பாதி முன்சொல்கிறவருக்கு, பின்பாதி மற்றவர்களுக்கு. எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று வருவது பின்பாதியில். பதினெட்டு வருடமாக முன்சொல்லி வந்ததில், செத்த வீடுகளில் நான் அந்த வரியைச் சொன்னதே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்றன்றைய உணவைத் தாரும் என்ற வரியை அவள் சொன்னாள். அதற்கடுத்த வரி வந்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. சனம் சொல்லி முடிக்கும்வரை பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தீமையிலிருந்து மீட்கச் சொல்கிற இடத்தில் மறுபடி சேர்ந்துகொண்டாள். ஒரு செபமாலையில் ஆறு பரலோக மந்திரம். ஆறிலும் அதே இடத்தில் நிறுத்தினாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. தகப்பன் பழையபடி கடலுக்குப் போகிறார். செத்த வீடுகளுக்கு இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறேன், பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவள் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து என் வரிசையிலேயே, இரண்டு பேர் தள்ளி இருக்கிறாள். ஏன் அங்கே வந்து இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பூசையில் பரலோக மந்திரத்தை எல்லாரும் சேர்ந்தே முழுதாகச் சொல்வோம். அந்த வரி வரும்போது நான் அவள் வாயைப் பார்ப்பேன். இன்னும் அது திறக்கவில்லை. அவள் சொல்லாதவரைக்கும் நானும் அந்த வரியைச் சொல்வதில்லை.